மேலவீட்டுப் பிள்ளை யாரைக் கூப்பிட்டது

ஆகஸ்ட் 31, ஞாயிற்றுக்கிழமை. சமயநல்லூர்.

எழுந்ததும் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். பால் காய்ச்சினேன். அப்பாவுக்குச் சீனி போடாத காப்பி, எனக்குப் போட்டது. அவருடைய வெள்ளைச் சட்டையை நேற்றே தேய்த்து வைத்திருந்தேன். ஆனாலும் காலர் ஓரத்தில் ஒரு சுருக்கம் நிற்பதைப் பார்த்து மறுபடியும் தேய்த்தேன். பிறகு உட்கார்ந்து டைரியில் தேதி எழுதி, அதற்குக் கீழே இன்று செய்யவேண்டியதை எழுதினேன்: மேலவீட்டுக் காதுகுத்து, அப்பாவோடு போகவேண்டும். விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் என் காலை இந்த ஒழுங்கில்தான் போகும். ஒன்று மாறினாலும் நாள் முழுக்க எதையோ மறந்துவிட்டதுபோல இருக்கும்.

ஊரில் இருக்கும் நாட்களில் என் பெயரை யாரும் சொல்வதில்லை. பால்காரருக்கு நான் அக்கா, எதிர்வீட்டுப் பெண்ணுக்கு மதினி, ஆரப்பாளையம் பஸ்ஸில் கண்டக்டருக்கு அம்மா, அப்பாவுக்கு ஆத்தா. செல்வி என்று ஒருத்தி இருப்பது பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்க்கும்போதுதான் எனக்கே நினைவு வரும். ஜெர்மனியில் நான் வேலை பார்க்கும் கீட்டாவில் நிலைமை தலைகீழ். பெற்றோர் வேலைக்குப் போகும் நேரத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. அங்கே பால் பல் முழுதாக முளைக்காத பிள்ளைகூட என்னை "செல்வி" என்கிறது. "செல்வி, கொம்!" என்றால் செல்வி, வா. அத்தை இல்லை, டீச்சர் இல்லை, மரியாதை ஒட்டு எதுவும் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது என்னை எங்கேயோ குத்தியது. கூட வேலை பார்க்கும் பிர்கிட்டிடம் ஒருநாள், பிள்ளைகள் என்னை வேறு மாதிரிக் கூப்பிடச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். எனக்கிருந்த ஜெர்மன் மொழியில் அதைச் சரியாகக் கேட்கத் தெரியவில்லை. நான் பெரிய பதவிக்காரி மாதிரி நடத்தப்பட ஆசைப்படுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். முகத்தில் ஒரு வருத்தத்தோடு, "இங்கே எல்லாரும் சமம், செல்வி. இந்த இடத்தின் தலைவியையும் பிள்ளைகள் பெயர் சொல்லித்தான் கூப்பிடும்" என்றாள். உண்மைதான். தலைவியை, சமையற்காரரை, மேயர் வந்தால் மேயரை, எல்லாரையும் அந்தப் பிள்ளைகள் பெயர் சொல்லியே கூப்பிட்டன. ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அதில் யாருக்கும் இறக்கமில்லை என்பது எனக்குப் பிடிபட நாளாயிற்று. என் ஊரில் பெயர் சொல்லும் வாய் ஒரு வீட்டில் இருந்தது. சொல்லப்படும் பெயர் இன்னொரு வீட்டில் இருந்தது. என்னைக் குத்தியது அது.

எங்கள் அப்பா பெயர் மாயாண்டி. மேலவீட்டு வயலில் அவர் வேலை பார்த்த காலத்தில் எங்களுக்கென்று ஒரு அடி நிலம் கிடையாது. எனக்கு அப்போது ஆறு வயது இருக்கலாம். அம்மா கொடுத்துவிட்ட தூக்குவாளியோடு மேலவீட்டு மாட்டுத்தொழுவத்துப் பக்கம் நிற்கிறேன். முற்றத்தில் மேலவீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார், மடியில் அவருடைய மகன் சேகர். சேகருக்கு அப்போதுதான் பேச்சு வரத் தொடங்கியிருந்தது. விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள். அப்பா கதிர்க்கட்டை இறக்கிவிட்டு என்னை நோக்கி வருகிறார். "எங்க, மாயாவக் கூப்புடு பாப்போம்" என்கிறார் மடிக்காரர். "மாயா! வாடா!" என்கிறது பிள்ளை. அப்பா திரும்பிப் போய் முன்னால் நிற்கிறார். எல்லாருக்கும் சிரிப்பு. "இப்பவே என்னா அதிகாரம் பாத்தீகளா!" பிள்ளை வாயில் ஒரு துண்டு வெல்லம். "இப்பப் போகச் சொல்லு." "மாயா! போடா!" அப்பா போகிறார். தூக்குவாளிக்குப் பக்கத்தில் வந்து சேர்வதற்குள் மறுபடி "மாயா! வாடா!" விருந்தாளிகளுக்கு அலுக்கும்வரை நடந்தது. அப்பாவும் சிரித்துக்கொண்டேதான் வந்தார், சிரித்துக்கொண்டேதான் போனார். "வந்துட்டேன் சின்னய்யா" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார். சோறு ஆறிப்போயிருந்தது. பிள்ளை இரண்டு சொல் சேர்த்துப் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று அந்த வீட்டில் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னார்கள்.

சேகர்மேல் எனக்குக் கோபமில்லை. இதை நான் தெளிவாக எழுதிவைக்க விரும்புகிறேன். அந்த வயதுப் பிள்ளையிடம் நாலைந்து சொல்தான் இருக்கும். எதைச் சொன்னால் சுற்றியிருக்கும் முகங்கள் மலர்கின்றனவோ அதை அது மறுபடி சொல்லும். எதைச் சொன்னால் கைக்கு ஒன்று வருகிறதோ அதை விடாமல் சொல்லும். சேகர் சரியாகத்தான் தேர்ந்தெடுத்தான். என் கோபம் அவன் உட்கார்ந்திருந்த மடியின் மேல். அந்த மடிக்காரர் இன்றும் உயிரோடு இருக்கிறார். மேலவீட்டுப் பெரியவர் என்பார்கள். எங்கள் அப்பாவைவிட இரண்டொரு வயது இளையவர். இன்றுவரை அவர் அப்பாவைக் கூப்பிடுவது "டேய் மாயா" என்றுதான்.

ஒருமுறை இந்தக் கதையை பிர்கிட்டிடம் சொன்னேன். மொழி அப்போது நன்றாகவே வந்துவிட்டது, ஒன்றும் விடாமல் சொன்னேன். அவள் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு "வீ ஸ்யூஸ்!" என்றாள். எவ்வளவு இனிமை என்று அர்த்தம். ஒரு குட்டிப் பையன் வயலில் வேலை செய்யும் பெரிய மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான், அவரும் விளையாட்டாக வந்து வந்து போகிறார். அவள் கண்ணில் தெரிந்தது அவ்வளவுதான். அவளைக் குறை சொல்ல முடியாது. என் கோபத்துக்கு அந்த நாட்டில் நிற்க இடமில்லை என்று அன்று தெரிந்துகொண்டேன். ஊரில் தம்பியிடம் சொன்னால், "அதெல்லாம் எந்தக் காலம்க்கா, இப்ப நமக்கே ரெண்டு ஏக்கர் இருக்கு, விடுக்கா" என்கிறான். இங்கேயும் இடமில்லை. ஆக அதை நானேதான் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், பழுதுபடாமல்.

இந்த விடுமுறைக்கு வந்து இறங்கிய வாரத்திலேயே சேகரின் மனைவி நித்யா எங்கள் வீட்டுக்கு வந்தாள். மதுரைக்குள் ஆரப்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவள், படித்தவள். இடுப்பில் இரண்டு வயது தாண்டிய மகள் தியா. சேகர் தெருவில் பைக்கை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தான்.

"அக்கா, பாப்பா பேசவே மாட்டேங்குது. காது நல்லாக் கேக்குதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பொறுத்துப் பாருங்கங்குறாரு. நீங்க அங்க இதே வேலைதான் பாக்குறீங்களாமே?"

"வீட்டில என்ன பேசுவா?"

"பால்ம்பா. வேணாம்பா. அம்புட்டுத்தான். மத்ததெல்லாம் கை காட்டுறதுதான்."

வெளியிலிருந்து சேகர் குரல் கொடுத்தான். "எம்புட்டு நாளாகும்க்கா? என்ன குடுக்கணும்னாலும் குடுத்துரலாம்." ஜெர்மனிக்குப் போனதிலிருந்து நான் அவனுக்கு அக்கா. அப்பாவை மட்டும் அவன் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெயரும் சொல்ல முடியவில்லை, முறையும் சொல்ல முடியவில்லை. "அவரு இருக்காரா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்பான்.

எனக்கு எதுவும் வேண்டாம், பிள்ளை தினமும் காலையில் இங்கே வரட்டும் என்றேன். இரண்டு விஷயம் கேட்டேன். பிள்ளையிடம் யாரும் இதைச் சொல்லு, அதைச் சொல்லு என்று கேட்கக்கூடாது. அடுத்தது, காதுகுத்துக்கு எங்கள் அப்பாவை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவேண்டும். எங்கள் ஊரில் சமமானவர்கள் வீட்டுக்குத் தட்டோடு போய் அழைப்பார்கள். எங்களுக்கு ஆள்விட்டுச் சொல்லுவார்கள், "பெரியவர் வரச் சொன்னாரு" என்று. நித்யா என்னை ஒரு கணம் பார்த்தாள். மறுநாளே தட்டோடு வந்தாள். அப்பா உட்காரச் சொல்லியும் உட்காராமல், நின்றபடியே இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சேகர் அன்றும் பைக்கை அணைக்கவில்லை.

தியா ஏன் பேசவில்லை என்பது எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. அந்த வீட்டில் அவளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. தாகம் எடுக்குமுன் தண்ணீர் வந்துவிடுகிறது. கை நீளுமுன் போன் கைக்கு வந்துவிடுகிறது. மிச்ச நேரமெல்லாம் பரீட்சை. "இது என்ன? மாடு சொல்லு. மா...டு." மாடு கண்ணெதிரே நிற்கிறது, கேட்பவருக்கும் அது மாடு என்று தெரியும். பிறகு ஏன் சொல்லவேண்டும்? நான் பார்த்த பிள்ளைகள் எல்லாருமே இந்த விஷயத்தில் ஒரே மாதிரிதான். செருப்பு காலில் இருக்கும்போது செருப்பு என்று சொல்லாது. ஒரு கால் செருப்பைக் காணவில்லை என்றால் சொல்லும். அம்மா மடியில் இருக்கும்போது அம்மா என்று சொல்ல அதற்கு அவசியமில்லை. கதவு சாத்திய பிறகுதான் அந்தச் சொல்லுக்கு வேலை வருகிறது. இருக்கும் நாலைந்து சொல்லை எங்கே விடலாம் என்று அது அப்படிப் பார்த்துப் பார்த்து விடும். எது மாறிற்றோ, எது போயிற்றோ, எது அதுவாகச் சொன்னாலொழிய மற்றவர்களுக்குத் தெரியாதோ, அதைத்தான் சொல்லும். கீட்டாவில் பிள்ளைகளிடமிருந்து நான் மிக அதிகமாகக் கேட்கும் சொல் "வெக்". போயிற்று, காணோம் என்று அர்த்தம்.

எங்கள் அப்பாவோ ஓரிடத்தில் உட்காராத மனிதர். எண்பதை நெருங்கியும் அப்படித்தான். கோழியைத் திறந்துவிடப் பின்பக்கம் போவார், முருங்கை ஒடித்துக்கொண்டு முன்பக்கம் வருவார், குழாயைப் பார்க்க மறுபடி மறைவார். தியா கண்ணுக்கு எங்கள் வீட்டிலேயே பார்க்கத்தகுந்தவர் அவர் ஒருத்தர்தான். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, அப்பா சுவர் தாண்டி மறைந்ததும் தியா என் சேலையை இழுத்து "காணாம்" என்றாள். புதுச் சொல். நான் கை தட்டவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. சாதாரணமாக, "ஆமா, தாத்தாவக் காணாம். தாத்தா கோழிகிட்ட போயிருக்காரு" என்றேன். அன்றிலிருந்து அவர் போகும்போதும் வரும்போதும் தாத்தா, தாத்தா என்றே சொன்னேன். எனக்கு வேண்டியது அதுதான். காதுகுத்தன்று அந்த வீட்டுச் சொந்தபந்தம் எல்லாம் கூடியிருக்க, அந்த மடிக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, அவருடைய பேத்தி எங்கள் அப்பாவைத் தாத்தா என்று கூப்பிடவேண்டும். நான் மூன்று வாரம் உழைத்தது இதற்குத்தான்.

பெரிய தடை அப்பாவேதான்.

"அப்பா, நாற்காலியில உக்காருங்க."

"பிள்ள வந்திருக்குல்ல."

"பிள்ளைக்கு ரெண்டு வயசு."

"வயசா ஆத்தா பெருசு? அந்த வீட்டுப் பிள்ளைல்ல."

"அவ உங்களத் தாத்தாங்கப் போறா, பாருங்க."

"அய்யய்யோ, வேணாந்தா! அவுக காதுல விழுந்தா என்ன நெனப்பாக?"

"விழணும்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "நீ சின்னதுலருந்தே இப்படித்தான். எதையும் கீழ போடமாட்ட" என்றார். பிறகு தியாவைப் பார்த்து, "வாங்க தாயி, கோழி பாப்பம்" என்று கூட்டிக்கொண்டு போனார். இரண்டு வயதுப் பிள்ளைக்கு வாங்க, போங்க. எத்தனை சொல்லியும் அவர் வாயில் வேறு வரவில்லை. ஆனால் பிள்ளை அதையெல்லாம் எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் அவர் பின்பக்கம் போய்த் திரும்பத் தாமதமாயிற்று. திண்டுக்கல் ரோட்டில் லாரி போகிற சத்தத்தையும் மீறி "தாத்தா!" என்று கத்தினாள். அப்பா கையிலிருந்த வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார், யாரோ விழுந்துவிட்டது மாதிரி.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். மேலவீட்டுப் பெரியவரை அந்தப் பிள்ளை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நித்யாவே சொன்னாள். அவர் விடிந்ததிலிருந்து பொழுது அடையும்வரை முன்வாசலில் அதே நாற்காலியில்தான். வேண்டியதெல்லாம் அவரிடம் வரும். அவர் எங்கேயும் போகமாட்டார். எங்கேயும் போகாத ஒருவரைக் கூப்பிட எந்தப் பிள்ளைக்குச் சொல் வேண்டும்? அவரைக் கொஞ்சம் எழுந்து நடமாடி, ஒளிந்து விளையாடச் சொல்லியிருந்தால் ஒரு வாரத்தில் தாத்தா என்றிருப்பாள். நித்யாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை.

கண்மாய்க் கரையில் அவர்களுடைய குலசாமி கோயில். பந்தல் போட்டு, மாட்டுத்தாவணியிலிருந்து வந்த மல்லிகையைத் தூணெல்லாம் சுற்றியிருந்தார்கள். தாய்மாமன் மடியில் தியா மொட்டை போட்டு, காது குத்தி, அழுது ஓய்ந்து, சந்தனத் தலையோடு விக்கிக்கொண்டிருந்தாள். பெரியவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் போய் நின்றதும் நித்யா நாற்காலி எடுத்துப் போட்டாள். அப்பா அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பெரியவருக்குப் பேத்தி பேசுகிறாள் என்ற சேதி போயிருந்தது. சொந்தக்காரர்களுக்குக் காட்ட ஆசை. "டேய் மாயா, இங்கிட்டு வா" என்றார். அப்பா போய் எதிரே நின்றார். அவர் பேத்தி பக்கம் குனிந்து, "யாரும்மா இது? சொல்லு. மாயா. கூப்புடு, மா...யா" என்றார். அதே மனிதர். அதே பாடம். மடி மட்டும் வேறு.

தியா வாயைத் திறக்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள், பெரியவரைப் பார்த்தாள், விரலை வாயில் வைத்துக்கொண்டாள். "இன்னும் பேசலையாப்பா?" என்றது ஒரு குரல். பெரியவர் என் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா, ஜெர்மனில ஒனக்கு இம்புட்டுத்தான் சொல்லிக் குடுத்தாகளா?"

நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு அவசரமில்லை. அப்பா அவள் கண்முன்னே நிற்கிறார். நிற்கிறவரைப் பற்றி அவளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நான் செய்யவேண்டியது ஒரு காரியம்தான்.

"அப்பா," என்றேன், "அந்தப் பக்கம் போய்த் தண்ணி குடிச்சிட்டு வாங்க."

அப்பா நடந்தார். சமையல் நடக்கும் இடத்தை மறைத்துப் படுதா கட்டியிருந்தார்கள். வெள்ளைச் சட்டை படுதாவுக்குப் பின்னால் மறைந்ததும் தியா விரலை வாயிலிருந்து எடுத்தாள்.

"தாத்தா!"

பெரியவர் முகம் விரிந்தது. "இந்தா இருக்கேன்டா தங்கம்!" என்று இரண்டு கையையும் நீட்டினார். மாமன் மடியிலிருந்து சறுக்கி இறங்கிய பிள்ளை அந்தக் கைகளுக்குக் கீழே குனிந்து, அவர் முழங்காலை உரசிக்கொண்டு படுதாவை நோக்கி ஓடியது. "தாத்தா காணாம்! தாத்தா, வா!"

மேளக்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அதனால் எல்லாருக்கும் கேட்டது. "அடியாத்தி, பிள்ள யாரத் தாத்தாங்குது?" என்றாள் ஒரு பெண். அப்பா கையில் டம்ளரோடு வெளியே வந்தார். அத்தனை முகமும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். தண்ணீர் சட்டையில் சிந்திக்கொண்டிருந்தது. பிள்ளை அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டது.

"ஏய், அது தாத்தா இல்ல. அவன் மாயா" என்றார் பெரியவர்.

தியா திரும்பிப் பார்த்தாள். பெரியவர்கள் தப்பாகச் சொன்னால் பிள்ளைகள் பார்க்கும் ஒரு பார்வை உண்டு. "தாத்தா" என்றாள், அழுத்தமாக.

நான் சிரித்தேன். மெதுவாக இல்லை. பந்தலின் அந்தக் கோடி வரை கேட்கும்படி சிரித்தேன். ஆறு வயதில் தூக்குவாளியோடு நின்றபோது கேட்ட சிரிப்பு எவ்வளவு நீளம் இருந்ததோ அவ்வளவு நீளத்துக்குச் சிரித்தேன். பெரியவரின் நீட்டிய கைகள் இன்னும் முழுக்க மடங்கவில்லை. அதை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன். நித்யா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் உதடு துடித்தது சிரிப்பாலா அழுகையாலா என்று எனக்குத் தெரியவில்லை. சேகர் மட்டும் என்னைப் பார்த்தபடி நின்றான். அவனுக்கு எதுவும் நினைவில்லை, நினைவிருக்கவும் முடியாது. ஆனால் இது வெறும் காதுகுத்துச் சிரிப்பு இல்லை என்பது அவனுக்குப் புரிந்திருக்கவேண்டும்.

பிள்ளை அப்பாவின் விரலை விடவில்லை. அதனால் முதல் பந்தியில், மேலவீட்டுச் சொந்தங்களுக்கு நடுவில், அவரும் உட்காரவேண்டியதாயிற்று. அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டே இருந்தார். பெரியவர் இலைக்கு வராமல் கார் எடுக்கச் சொல்லிப் போய்விட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அப்பா பின்பக்கம் போனார். கோழியை அடைத்தார். சட்டையைக் கழற்றி, தண்ணீர் சிந்திய இடத்தைத் தடவிப் பார்த்து, கொடியில் போட்டார்.

"ஒனக்குத் திருப்தியா?"

"திருப்திதான்."

"நாளைக்கு அந்தப் பிள்ளைய அனுப்புவாகளா?"

நான் கொடியில் கிடந்த சட்டையை உதறி விரித்துப் போட்டேன்.

"இப்பத்தான் ரெண்டு சொல்லு வந்துச்சு" என்றார்.

"வந்த சொல்லு திரும்பப் போகாதுப்பா."

"சொல்லு போகாது ஆத்தா. பிள்ள வராமப் போயிருமே."

அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். அவருக்குப் பயமாக இருந்தது. மேலவீட்டைப் பற்றி அவருக்கு நான் அறிந்த பயம் ஒன்று உண்டு. இது அதுவல்ல. காலையில் பைக் சத்தம் கேட்காமல் போய்விடுமோ என்ற பயம். நான் என் காரியத்தை எல்லாப் பக்கமும் யோசித்தவள், இந்தப் பக்கத்தை யோசிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. சேகர். நான் ஸ்பீக்கரில் போட்டேன், அப்பாவுக்கும் கேட்கட்டும் என்று.

"அக்கா, அப்பா வந்ததுலருந்து ஒண்ணும் சாப்பிடல."

"எம்புட்டு நேரமா?"

"அப்படியே உக்காந்திருக்காரு. பாப்பா பக்கத்துல போனா மூஞ்சியத் திருப்பிக்கிறாரு." கொஞ்சம் தயங்கினான். "அக்கா, அவரையும் பாப்பா தாத்தான்னு கூப்புடணும்னா என்ன செய்யணும்? அவருதான் கேக்கச் சொன்னாரு. நான் கேட்டதாக் கேக்கச் சொன்னாரு."

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். படித்த படிப்பில் எதையும் மறைக்காமல், ஒன்றும் கூட்டாமல், எந்தப் பெற்றோருக்கும் சொல்லும் நிதானத்தில் சொன்னேன்.

"மொதல்ல அந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கச் சொல்லு சேகரு. பிள்ளை பாக்கும்போது எந்திரிச்சு, கண்ணுக்கு மறையுற மாதிரிப் போகணும். வைக்கோல்படப்புக்குப் பின்னாடி போனாலும் சரி. கூப்புட்டா ஒடனே வரணும். போன்னா போகணும். மறுபடி கூப்புட்டா மறுபடி வரணும். மொதல்ல அவளுக்குக் கூப்பிடத் தெரியாது, ஆன்னு ஒரு சத்தம் போடுவா. அதுக்கும் வரணும். சிரிச்ச மொகமா வரணும், அது முக்கியம். பிள்ளைக்கு அலுக்குற வரைக்கும் செய்யணும். நமக்கு அலுக்குற வரைக்கும் இல்ல."

"தெனமுமா?"

"தெனமும்."

மறுமுனையில் அவன் யாரிடமோ தாழ்ந்த குரலில் திருப்பிச் சொல்வது கேட்டது. பிறகு ஒரு நாற்காலி நகரும் சத்தம். "சரிங்கக்கா" என்றான். "நாளைக்குப் பாப்பாவ அனுப்புறோம். வழக்கம்போலத்தான்."

போனை வைத்ததும் அப்பா சொன்னார், "பாவம், அவருக்கு முட்டிவலி ஆத்தா. அம்புட்டு நடையெல்லாம் நடக்கமாட்டாரு."

"நடந்தா சரியாப்போகும்" என்றேன்.

அவர் சிரிக்கக்கூடாது என்றுதான் பார்த்தார். முடியவில்லை. துண்டால் வாயை மூடிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். இன்றைய பக்கத்தை நான் இதோடு முடித்திருக்கலாம். நான் நினைத்தது நடந்தது. நினைத்ததற்கு மேலும் நடந்தது. இந்தச் சந்தோஷத்தை பிர்கிட்டிடம் சொல்ல முடியாது. சொன்னால் மறுபடியும் இனிமை என்பாள். தம்பியிடம் சொன்னால் தலையில் அடித்துக்கொள்வான். என்றாவது இந்தப் பக்கத்தைப் படிக்கப்போகிற உங்களில் வெளியூரில் இருந்துகொண்டு இப்படி ஒன்றைப் பொத்திவைத்திருப்பவர்கள் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

செப்டம்பர் 1, திங்கட்கிழமை. இதை எழுதாமல் முடித்தால் கணக்கு சரியாகாது.

மோட்டார் போடுவதற்கு முன்பே பைக் வந்துவிட்டது. தியா இறங்கினாள். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்திருந்தது. நான் கதவைத் திறந்து எதிரே நின்றேன். அவள் என்னைத் தூணைச் சுற்றுவதுபோலச் சுற்றிக்கொண்டு உள்ளே போய், "தாத்தா!" என்றாள். பின்பக்கத்திலிருந்து அப்பா, "வாரேன் தாயி, வாரேன்" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளில் அந்தப் பிள்ளை என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அத்தை என்று இல்லை, செல்வி என்று இல்லை, ஒரு சத்தமாகக்கூட இல்லை. நான் எப்போதும் பக்கத்திலேயே இருந்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன், எங்கும் போகவில்லை. அடுத்த வாரம் விமானம் ஏறிப் போய்விடுவேன். அப்போது அவளுக்கு என்னைப் பற்றிச் சொல்ல ஒரு சொல் தேவைப்படலாம். அதைக் கேட்க நான் இங்கே இருக்கமாட்டேன்.

அதனால் இன்று முதல் வேலையாகச் செருப்பை மாட்டிக்கொண்டு, அவள் பார்க்கும்படி கேட்டைத் திறந்து வெளியே போனேன். சுவர் மறைக்கும் இடமாகப் பார்த்து ரோட்டோரம் நின்றேன். ஆரப்பாளையம் பஸ் ஒன்று வந்து, நான் ஏறுவேன் என்று நினைத்து நின்றது. இல்லை என்று கையை ஆட்டினேன். பஸ் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, வீட்டுப் பக்கம் காதைக் கொடுத்தேன்.